ராமநாதபுரம் கரைக்கு டெல்லி முதலில் எதைச் செய்ய வேண்டும்: படகா, பென்ஷனா, தண்ணீரா, கடற்பாசியா?

பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட் வாசிக்கும்போது எங்கள் பக்கத்தில் பலரும் காது கொடுப்பது ஒன்றுக்குத்தான், மீனவர் என்ற பேச்சு வருகிறதா இல்லையா. வந்தால் ஒரு கட்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கொண்டாடுவார்கள், வராவிட்டால் இன்னொரு கட்சிக்காரர்கள் திட்டித் தீர்ப்பார்கள், கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு தருகிற அடுத்த டோக்கன் நாளில் படகு போனதும் எல்லாம் அடங்கிவிடும். எது முதலில், எது அப்புறம் என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கி சாயல்குடி தாண்டி ரோச்மாநகர் வரை சுமார் 237 கிலோமீட்டர் கரை எங்கள் மாவட்டத்துக்கு இருக்கிறது, தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். இத்தனை நீளக் கரைக்கு மத்திய அரசு எதற்கு முதலில் காசைத் திறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எடை போட ஒரு அளவுகோல் வேண்டும். என்னுடையது இதுதான்: சொந்தப் படகும் இல்லாத, வீட்டு மனைக்குப் பட்டாவும் இல்லாத ஒரு குடும்பத்துக்கு அந்தத் திட்டம் போய்ச் சேருமா? ஏன் இப்படி என்றால், வெளியூரில் மீனவர் என்றாலே படகு வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விசைப்படகு ஒன்றுக்கு முதலாளி ஒருவர், அதில் பிடிப்பில் பங்குக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர். அவர்கள் வீட்டுப் பெண்களில் சிலர் பாசி எடுக்கிறார்கள், சிலர் கருவாடு போடுகிறார்கள், சிலர் கூடை தூக்கி ஊர் ஊராக மீன் விற்கிறார்கள். குடியிருக்கும் இடம் பல ஊர்களில் புறம்போக்கு. கணக்கெடுத்தால் கரையில் இந்த வீடுகள்தான் அதிகம். திட்டங்களோ படகு ஆர்.சி. புத்தகத்தையும் பட்டாவையும்தான் முதலில் கேட்கின்றன.

பாம்பன் புதுப்பாலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்கள், 500 கோடிக்கு மேல் செலவு, நடுவில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. 1914இல் கட்டிய பழைய பாலம் துருப்பிடித்துப்போன பிறகு வேறு வழியும் இல்லை. அது ரயில்வே கணக்கு. மீனவர் நலத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பாலத்தைக் காட்டுகிறார்களே, அது மட்டும் வேண்டாம்.

சரி, முதலில் ஆழ்கடல் படகு. பாக் நீரிணையில் இடம் குறுகல், எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில், இலங்கையோடு போட்ட 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் கைது, படகு பறிமுதல். இழுவைமடி வலை கடலின் அடிமட்டத்தையே வழித்துக்கொண்டு போகிறது என்பது யாழ்ப்பாணத்து மீனவர்களின் புகார், அதில் நியாயமும் இருக்கிறது, நாம்தான் வாய்விட்டுச் சொல்வதில்லை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அதே ஆண்டில்தான் நம் பக்கம் மத்திய அரசு, இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று திட்டம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டில் 2,000 படகு, மொத்தம் 1,600 கோடி. ஒரு படகின் விலை 80 லட்சம் என்று வைத்தார்கள். மத்திய அரசு பாதி, அதாவது 40 லட்சம். மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், படகுக்காரர் கையிலிருந்து 8 லட்சம்.

காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் கிடையாது. எல்லைப் பிரச்சினையின் வேரில் கை வைக்கிறது, விலையில் 70 சதவீதத்தை அரசே கொடுக்கிறது. ஆனால் 2,000 என்ற இலக்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. காரணம் கரையில் எல்லோருக்கும் தெரியும். ராமேஸ்வரத்தில் ஒரு நாள் போய் மறுநாள் திரும்புகிற தொழில் பழகியவர்களை, வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடந்து தூண்டில் போடச் சொன்னால் அது வேறு தொழில். ஐஸ் வேண்டும், பிடித்த சூரையைத் தரம் கெடாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதை எடுக்கிற வியாபாரி வேண்டும். பெரிய படகை நிறுத்த பாக் நீரிணைப் பக்கம் ஆழம் பத்தாது, அதனால் மன்னார் வளைகுடாவான தென்கடல் பக்கம் குந்துகால், மூக்கையூர் என்று இடம் மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏற்கெனவே வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கி, பிடிக்கிற மீனை எல்லாம் அவருக்கே போட்டுக் கடனைக் கழித்துக்கொண்டிருப்பவர் 8 லட்சத்துக்கு எங்கே போவார்? அப்புறம் அந்த 16 லட்சத்துக்கு வங்கி கேட்கிற ஜாமீனுக்கு?

என் அளவுகோலில் வைத்தால் இது இன்னும் கீழே இறங்குகிறது. 8 லட்சம் புரட்ட முடிந்தவருக்கு 56 லட்சம் கிடைக்கிறது. அவர் படகில் பங்குக்குப் போகிறவருக்கு, பழைய இழுவைப் படகு கரையேறியதும் வேலை இருக்குமா என்பதே அவர் கையில் இல்லை.

அடுத்தது நேராகக் கையில் காசு. நான் இதன் பக்கம்தான் சாய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், தடை வேண்டியதுதான், இதில் யாருக்கும் சண்டை இல்லை. நாட்டுப்படகு போகலாம், ஆனால் பங்குக்குப் போகிற எல்லோருக்கும் அதில் இடம் இருக்காது. இந்த நாட்களுக்கு மாநில அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது, 5,000ஆக இருந்ததை உயர்த்துவதாக 2023இல் மண்டபத்தில் வைத்துத்தான் அறிவித்தார்கள். மத்திய அரசின் பங்கு எங்கே வருகிறது என்றால், சேமிப்பு நிவாரணத் திட்டத்தில். மீனவர் 1,500 ரூபாய் சேமித்துக் கட்ட வேண்டும், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500, ஆக 4,500 ரூபாயாக நமக்குத் திரும்பி வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு நம் காசேதான். மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத்தை மாநில அரசு தன் காசில் நடத்துகிறது.

இதைப் பக்கத்தில் திருவாடானை வட்டத்து விவசாயிக்கு வருகிற பி.எம். கிசான் பணத்தோடு வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, முழுக்க மத்திய அரசின் காசு, தன் பங்காக ஒரு பைசா கட்ட வேண்டாம். விவசாயிக்குக் கொடுப்பது தப்பு என்று சொல்லவில்லை, மழையை நம்பி நெல் போடுகிற ராமநாதபுரத்து விவசாயியின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அங்கே நிலம் இருந்தால் 6,000, இங்கே சட்டம் போட்டு 61 நாள் தொழிலை நிறுத்துகிறவனுக்கு, அவனும் சேமித்தால், 1,500. இந்த வித்தியாசத்துக்கு டெல்லி இதுவரை ஒரு காரணமும் சொல்லவில்லை. 2025-26 பட்ஜெட்டில் பி.எம். கிசானுக்கு மட்டும் 63,500 கோடி. நாடு முழுக்க மீன்வளத் துறைக்கு மொத்தமாக 2,703 கோடி, அதுவே இதுவரை இல்லாத ஒதுக்கீடு என்று பெருமையாகச் சொன்னார்கள்.

பென்ஷன் கதை இதைவிட மோசம். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2006-07இல் வைத்த தொகை, இன்றைக்கும் அதே 200. எண்பது வயது தாண்டினால் 500. விதவைகளுக்கு 300. தமிழ்நாட்டில் 1,200 ரூபாய் கையில் வருகிறதென்றால் மிச்சத்தை மாநிலம் போடுகிறது. தனுஷ்கோடிப் பக்கமிருந்து ஒரு பாட்டி வங்கிக்கு வந்துபோக ஆகிற செலவிலும், வழியில் குடிக்கிற டீயிலும் டெல்லியின் 200 ரூபாயில் பாதி கரைந்துவிடும். அந்த வயதில் உப்புக்காற்றில் கண் போய், மூட்டு போய், வலை பின்னவும் முடியாத நிலையில் இருப்பவருக்கு ஆட்சியில் இருந்த எந்தக் கட்சியும் இத்தனை ஆண்டில் அந்த 200க்கு மேல் ஒரு ரூபாய் ஏற்றவில்லை. இதில் காங்கிரஸ், பா.ஜ.க. என்று பேதமே கிடையாது.

ஒரு கணக்கு மட்டும் போடுகிறேன். ஒரு ஆழ்கடல் படகுக்கு மத்திய அரசு கொடுக்கிற 40 லட்சத்தில், சேமிப்பு நிவாரணத்தின் 1,500ஐ 2,600 குடும்பங்களுக்கு மேல் இன்னொரு மடங்கு கொடுக்கலாம். ஒரே ஒரு படகு. அந்த 2,600 வீட்டிலும் தடைக்காலத்தில் தண்டல்காரரிடம் கை நீட்டுவது கொஞ்சமாவது குறையும். படகு பத்து பேருக்கு ஆண்டு முழுக்கச் சோறு போடுமே என்று நீங்கள் கேட்கலாம். போடும், ஓடினால்.

நூறு நாள் வேலையை நான் பென்ஷனுக்கு அடுத்துதான் வைப்பேன், ஆனால் கரையில் அதற்கு ஒரு வினோதமான சிக்கல் இருக்கிறது. அது கிராம ஊராட்சிக்கு மட்டும். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, அங்கே வேலை உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் பேரூராட்சி, அந்தக் கோடியில் ராமேஸ்வரம் நகராட்சி, அங்கே கிடையாது. ஒரே தொழில், ஒரே தடைக்காலம், ஒரே சொந்தக்காரர்கள், நடுவில் ஊர்ப் பலகை மட்டும் வேறு. 2025-26இல் தமிழ்நாட்டுக்குக் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள், முழுசாகக் கைக்கு வந்தால் கரையில் அது கெட்ட கூலி இல்லை. 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. நாள் 125 ஆகிறது, செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் விழுகிறது, விதைப்பு அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். முன்பு கூலி முழுக்க மத்திய அரசின் பொறுப்பு. மாநிலத்திடம் காசு இல்லாத ஆண்டில் அந்த 125 என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் ஒன்று, எங்கள் மாவட்டத்தில் விதைப்பு புரட்டாசி ஐப்பசியில், அறுப்பு தை மாசியில். சித்திரை வைகாசி தடைக்காலத்தோடு அது இடிக்காது. அந்த இரண்டு மாதத்தில் வேலை நாட்களைக் குவித்துக் கொடுத்தால் காய்ந்து கிடக்கிற கண்மாய்களையும் தூர்வாரிவிடலாம், கருவேலத்தையும் வெட்டிவிடலாம். இதற்குப் புதுத் திட்டம் வேண்டாம், புதுக் காசு வேண்டாம், ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கால அட்டவணை போட்டால் போதும்.

தண்ணீருக்கு வருவோம். கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. தனுஷ்கோடிப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், மற்ற ஊர்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போவதைப் பார்க்காமல் இந்த மாவட்டத்தைக் கடக்க முடியாது. திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவருகிற கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனால் நாம் குழாயின் கடைசி முனை. மேலே எங்கே உடைந்தாலும், எங்கே மின்சாரம் போனாலும் முதலில் காய்வது நம் குடம்தான்.

மத்திய அரசு 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் கொண்டுவந்தது, வீட்டுக்கு வீடு குழாய், தலைக்கு நாளைக்கு 55 லிட்டர். 2028 வரை நீட்டித்து, 2025-26க்கு 67,000 கோடி ஒதுக்கினார்கள். மற்ற எல்லாத் திட்டத்தையும்விட இதில் ஒரு நல்ல குணம், குழாய்க்குப் படகு ஆர்.சி. வேண்டாம், மீனவர் அட்டை வேண்டாம். ஆனால் கணக்கெடுப்பில் எண்ணுவது இணைப்பைத்தான். குழாய் இருக்கிறது, நீல நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது, அதில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. விலைக்கு வாங்குகிற வீட்டில் குடம் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு நாலு குடம், மாதம் 1,200 ரூபாய். பாட்டியின் மொத்த பென்ஷன் அதுதான். அதனால் பென்ஷனா தண்ணீரா என்று தனித்தனியாக நான் கேட்பதே இல்லை. தண்ணீர் வராத ஊரில் பென்ஷனை ஏற்றினால், ஏற்றிய காசு லாரிக்காரருக்குப் போகும். அந்த ஊர்களில் தண்ணீர்தான் முதல்.

ஆஸ்பத்திரி பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 பங்கு. முன்பு எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது, இப்போது பாதிக்குப் பாதி ராமநாதபுரத்தில் முடிகிறது. செய்த காரியத்தைச் செய்ததாகச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் பாசி. இதைக் கிட்டேயிருந்து பார்த்தால்தான் புரியும். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசிக்குப் போகிற பெண்கள், விடியும்போது கரையில் உட்கார்ந்து பழைய சேலைத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். கடலடிப் பாறையான பார்மேல் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது சுற்றாத விரல் கிழிந்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி முங்குவார்கள். இந்தத் தொழிலுக்கு அம்மாவிடமிருந்து மகளுக்குப் பழக்கம்தான் பாத்தியதை. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தலைமுறையாகப் போன தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கிறது. காட்டையும் கடலையும் காப்பாற்ற வேண்டும்தான், ஆனால் பறித்த தொழிலுக்கு மாற்றாக என்ன கொடுத்தார்கள்?

மாற்று என்று சொல்வது பாசி வளர்ப்பு. 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் மூங்கில் மிதவைக்குப் பெண்களுக்கு 60 சதவீத மானியம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மிதவையில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுக்கலாம். முதல் போடும் செலவு படகோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. என் அளவுகோலில் இது தேறுகிறது, படகு வேண்டாம், பட்டா வேண்டாம், காசு பெண் கையில் வரும். ஆனால் வளர்ப்பது வெளிநாட்டுப் பாசி, பெப்சி பாசி என்று சொன்னால்தான் ஊரில் புரியும், 2000 வாக்கில் அந்தக் கம்பெனி இங்கே பரப்பியதால் வந்த பேர். 2013க்கு அப்புறம் கடல் சூடேறி விளைச்சல் சரிந்ததில் எத்தனையோ குழுக்கள் கடனோடு நின்றன. குருசடைத் தீவுப் பக்கம் அந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. இப்போது வலமாவூரில் 127 கோடியில் பாசிப் பூங்கா கட்டுகிறார்கள். விதைப்பாசி அங்கே கிடைத்தால், சூடு தாங்குகிற ரகம் வந்தால், விலையை ஒரே வியாபாரி நிர்ணயிக்காமல் இருந்தால் நல்லது. அதில் 127 கோடிக்கும் கட்டடம் எழும்பி, விளைச்சல் செத்தால் நஷ்டஈடு கொடுக்க ஒரு காப்பீடு இல்லாமல் போனால், பெண்கள் மறுபடி விரலில் துணி சுற்றிக்கொண்டு தீவுக்குத்தான் போவார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2018இல் ராமநாதபுரத்தை முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்த்தார்கள், தமிழ்நாட்டில் விருதுநகரும் நாமும்தான். சுகாதாரம், கல்வி, விவசாயமும் நீர்வளமும், வங்கிச் சேவையும் திறன் பயிற்சியும், அடிப்படைக் கட்டமைப்பு என்று ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். 237 கிலோமீட்டர் கரை உள்ள மாவட்டத்தை அளக்கிற ஐந்து தலைப்பில் கடல் இல்லை. மதிப்பெண் இல்லாத பாடத்தை எந்த அதிகாரி படிப்பார்?

ஆக என் வரிசை இப்படி நிற்கிறது. தண்ணீர் வராத ஊர்களில் முதலில் தண்ணீர், அதுவும் இணைப்பை எண்ணாமல் வந்த லிட்டரை எண்ணிக் காசு விடுவிக்க வேண்டும். மற்ற ஊர்களில் முதலில் பென்ஷனும் தடைக்கால நிவாரணமும், டெல்லியின் பங்கைக் குறைந்தது பி.எம். கிசான் அளவுக்காவது ஏற்றி, விலைவாசியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கும் கெஞ்சக் கூடாது. அதோடு நூறு நாள் வேலையின் கால அட்டவணை, அதற்குச் செலவே இல்லை. பிறகு பாசி, காப்பீட்டோடு. ஆழ்கடல் படகு கடைசி.

இலவசமாகக் கொடுத்துக் கெடுக்காதே, தொழிலைக் கொடு என்று சொல்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் மானிய டீசலுக்கு வரிசையில் நிற்பவர்கள், அதை விடுங்கள். அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் உண்மை. பென்ஷனை எவ்வளவு ஏற்றினாலும் எல்லைக்கோட்டில் நடக்கிற கைது நிற்காது, இழுவைமடி அரித்த கடலில் மீன் பெருகாது. அதற்கு ஆழ்கடல் திட்டம் போல ஒன்று வேண்டும்தான். ஆனால் மானியத்தை ஒரு முதலாளி பெயரில் எழுதாமல், படகில் போகிற ஆறேழு பேர் சேர்ந்த கூட்டுறவுக் குழுவின் பெயரில் எழுதி, 8 லட்சப் பங்கை முதல் இரண்டு ஆண்டு பிடிப்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று வைத்து, மூக்கையூரிலும் குந்துகாலிலும் ஐஸும் குளிர்பதனக் கிடங்கும் முதலில் கட்டிவிட்டு அப்புறம் படகைக் கொடுத்தால், நான் என் வரிசையில் அதைக் கடைசியிலிருந்து இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிடுவேன். பென்ஷனுக்கு மேலே மட்டும் போகாது.